நாலு வரியில் கரை சேர்ந்த வக்கீல்

மயிலாப்பூர் நீச்சல் வக்கீல் ஒரு பொய்யர்.

அவர் பெயரையே போடத்தான் நினைத்தேன். இந்தப் பத்திரிகை ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டு, “கேஸ் வரும், வேண்டாம்” என்றார். சரி, போடவில்லை. நீச்சல் வக்கீல் என்றால் சாந்தோமிலிருந்து மாம்பலம் வரை யார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது மறுபடியும் தேர்தலுக்கு நிற்கிறார். தந்திக் கம்பம் தவறாமல் பச்சைக் காகித நோட்டீஸ். ‘கடலை வென்ற வீரருக்கே உங்கள் வோட்டு’ என்று தலைப்பு. அதன் கீழே ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கை நாலு வரியில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த நாலு வரியை எழுதியவன் நான். ஈய எழுத்தில் கோத்தவன் நான். வாலை வெட்டியவனும் நான். அதனால் சொல்கிறேன். அவர் கடலை வெல்லவில்லை. கடல் அவரை மென்றுகொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

பட்டப்பகலில் நடந்தது

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வக்கீல் முதல் தடவையாக கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நின்ற சமயம். சாந்தோம் கரையில் இறங்கி, அடையாறு கடலில் சேரும் இடம் வரை நீந்திக் காட்டுவதாக ஊரெல்லாம் தண்டோராப் போட்டிருந்தார்.

அவர் நீச்சல் பழகியது தெப்பக்குளத்தில். ஆடியில் கடல் நீரோட்டம் தெற்கேயிருந்து வடக்கே ஓடும். இவரோ வடக்கேயிருந்து தெற்கே நீந்தப் புறப்பட்டார். குப்பத்து மீன்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. ஏனென்றால் முடிவிடத்தில் வக்கீல் செலவில் கள் என்று பேச்சு. ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் காலையிலேயே அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

துணைக்கு இரண்டு படகு விட்டிருந்தார். ஒன்றில் பேண்டு வாத்தியம். இன்னொன்றில் ரோஜா மாலையும் கட்சிக்காரர்களும். அவர் நீந்தி வரும்போது எதிர்கொண்டு மாலை போட வேண்டுமே என்று இரண்டு படகும் அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டன. துணைப் படகுக்கு இதைவிட நல்ல புத்தி வேண்டாம்.

நான் அப்போது கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். எங்கள் பத்திரிகையில் துணுக்குப் பக்கத்தைப் பார்த்தவர் சேஷு மாமா. அவர்தான் என்னை அனுப்பினார். “ஏண்டாப்பா, நீ போய்ப் பாத்துண்டு வா. எனக்கு வெயில் ஆகாது.” எனக்கும் ஆகாதுதான். அடையாறு வரை நடக்கச் சோம்பல் பட்டுப் பாதி வழியில், கட்டுமரங்களை ஏற்றிப் போட்டிருந்த மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். என் சோம்பேறித்தனத்தால்தான் நான் சாட்சி ஆனேன்.

எனக்குச் சற்றுத் தள்ளி ரோசம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். மயிலாப்பூர்த் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்பவள்.

முதலில் கடலில் தலை தெரிந்தது. பிறகு கை தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

“அய்ய, அந்தாளு முழுவறாம்பா!” என்று கத்தினாள் ரோசம்மா. “இன்னா பாத்துக்கினு குந்தினுகீற? ஓடு!”

“எனக்கு நீஞ்சத் தெரியாதும்மா.”

“அப்ப இன்னாத்துக்கு மீசை?”

கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள். அவள் அண்ணன் அந்தோணியின் கட்டுமரம் அங்கே இருந்தது. நானும் அவளும் சேர்ந்து தள்ளினோம். முட்டி அளவுத் தண்ணீரோடு நான் நின்றுவிட்டேன். அவள் ஏறித் துடுப்பைப் போட்டாள். மூன்று அலை அவளைத் தூக்கிப் போட்டது. நாலாவதைத் தாண்டிவிட்டாள். வக்கீல் தலை மறுபடி மேலே வந்தபோது குடுமியை எட்டிப் பிடித்துக் கட்டுமரத்தில் இழுத்துப் போட்டாள். அந்தக் குடுமியைப் பற்றிக் கோர்ட்டில் எத்தனையோ கேலி. அது மட்டும் இல்லையென்றால் இன்றைக்குத் தேர்தலுக்கு நிற்க ஆள் இல்லை.

கரையில் குப்புறப் போட்டு அமுக்கினாள். தண்ணீர் வந்தது. காலையில் தின்ற இட்லியும் வந்தது. கண் விழித்தவர் சுற்றும் முற்றும் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

“யாராவது பாத்தாளா?”

பிறகு எழுந்து, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து தெற்கே நடந்தார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் இறங்கி, நாலு கை போட்டு வெளியே வந்திருக்கிறார். பேண்டு முழங்கியது. மாலை விழுந்தது. கள் ஓடியது.

வாலில் வெட்டும் வழக்கம்

துணுக்கு வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

‘தெரியுமா?’ என்ற எங்கள் பக்கத்தில் விளையாட்டு, அரசியல், நாடகம், இயற்கை என்று நாலு வகை அதிசயம் வரும். சேஷு மாமா இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தமிழ்ப்படுத்துவார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். தீக்கோழிக்கு மூளையைவிடக் கண் பெரிது. எங்கேயோ கிரிக்கெட் ஆட்டத்தில் காக்கை வந்து ஸ்டம்பு மேலிருந்த குச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நிஜமா என்று கேட்டால், “நீ போய் ஆக்டோபஸை அறுத்துப் பாத்தியோ?” என்பார்.

இந்தத் துணுக்குகளை முன்கூட்டியே கோத்துத் தட்டில் வரிசையாக வைத்திருப்போம். இரண்டு வரி, நாலு வரி, ஆறு வரி என்று அளவுதான் கணக்கு. பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் காலியா, நாலு வரித் துணுக்கை எடுத்துச் செருகு. நாலு வரி கைவசம் இல்லையா, ஆறு வரியை எடுத்துக் கடைசி இரண்டு வரியைப் பிடுங்கு. திருப்பிக் கோக்க நேரம் கிடையாது. மெஷின் காத்துக்கொண்டிருக்கும். வெட்டினால் வாலில்தான் வெட்டு. அதுதான் எங்கள் அச்சாபீஸ் சட்டம்.

ஒரு தடவை, ‘சட்டசபையில் மூன்று வருஷம் வாயே திறக்காத அங்கத்தினர் ஒருவர், கடைசி நாளில் எழுந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்’ என்று ஒரு துணுக்கு. அது சீமையில் நடந்தது என்ற வரி வாலில் இருந்தது. பிடுங்கிவிட்டோம். மறுநாள் சென்னைப் பட்டணத்து அங்கத்தினர்கள் மூன்று பேர் தனித்தனியாக வந்து, “என்னைத்தானே எழுதினாய்?” என்று சண்டை போட்டார்கள்.

இன்னொரு தடவை ஒரு நாடக நடிகர். மேடையில் செத்து விழும் காட்சியில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தார், ஜனங்கள் நிஜமாகவே செத்துவிட்டதாக அழுதார்கள், பிறகு எழுந்து சோறு கேட்டார் என்று செய்தி. எழுந்ததும் சோறும் வாலில் போய்விட்டன. மனிதர் மூன்றாம் நாள் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, எங்க ஊர்லேருந்து சாவுக்கு வந்து எறங்கிட்டாங்க. நான் உயிரோட இருக்கேன்னு ஒரு வரி போடுங்க.”

சேஷு மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செய்தின்னா திருத்தம் போடலாம், ஓய். துணுக்குக்குத் திருத்தம் போடற வழக்கம் லோகத்திலேயே கிடையாது. நீர் உயிரோட இருக்கறது உம்மோட சொந்த விஷயம்.”

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆறு வரி

கடற்கரையில் நடந்ததைச் சேஷு மாமாவிடம் சொன்னேன். “பேஷ்! விளையாட்டு, அரசியல், இயற்கை மூணும் ஒண்ணா வந்துடுத்து. நீதானே பாத்தே, நீயே ஆறு வரி எழுதிடு” என்றார். என் ஆயுளில் நான் எழுதி அச்சான முதல் எழுத்து அது. அதனால் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டினேன். விஷயத்தைக் கடைசியில் உடைக்க வேண்டும் என்று எழுதினேன். முட்டாள்தனம்.

மயிலை வக்கீல் ஒருவர் சென்ற ஞாயிறன்று
சாந்தோமிலிருந்து அடையாறு வரை கடலில்
நீந்தக் கிளம்பினார். அலைகள் பயங்கரமாக
இருந்தும் சேதமின்றிக் கரை வந்து சேர்ந்தார்.
தசை பிடித்து மூழ்கியவரைக் கட்டுமரத்தில் போய்த்
தூக்கி வந்தவள் மீன் விற்கும் ரோசம்மா.

பத்திரிகை மெஷின் ஏறும் நேரத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் வந்தது. பாதம் வரை முடி விரித்த பெண் படம். எங்கள் பக்கத்தில் இரண்டு வரி உயரத்தை அந்த முடி தின்றுவிட்டது. “எதையாவது பிடுங்குடா!” என்று கத்தினார்கள். கை பழக்கத்தில் போயிற்று. கடைசித் துணுக்கின் கடைசி இரண்டு வரி. பிடுங்கினேன். பிடுங்கியது என்ன என்று அச்சான காகிதத்தைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன்.

வக்கீல் லஞ்சம் கொடுத்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இல்லை. அவரைக் கரை சேர்த்தது தலைமுடித் தைலம்.

நான் செய்த அயோக்கியத்தனம்

இதுவரை நடந்தது தவறு. இனிமேல் சொல்வது தவறு இல்லை, அயோக்கியத்தனம். அதையும் நான்தான் செய்தேன்.

ரோசம்மாவின் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. பெண்கள் கட்டுமரத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மரத்துக்குக் கடல் மீன் கொடுக்காது என்று நம்பிக்கை. கிறிஸ்தவ வேதக்கார வீடானாலும் இந்து வீடானாலும் ஒன்றுதான். ஒரு உயிரைக் காப்பாற்றப் போனால் மட்டும் குற்றம் இல்லை. அந்தோணி கள் குடித்துவிட்டுத் திரும்பியபோது அவன் கட்டுமரம் ஈரமாக இருந்தது. ரோசம்மா ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள். யாரும் நம்பவில்லை. வக்கீல் முகத்துவாரத்தில் தண்ணீரிலிருந்து எழுந்து வந்ததைத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்களே. பஞ்சாயத்து கூடப் போகிறது என்றார்கள்.

அவளுக்கு நம்பிக்கை எங்கள் பத்திரிகை. “பேப்பர்ல போடறோம்” என்று நான்தான் அவளிடம் பீற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை மீன் கூடையோடு அச்சாபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளேயிருந்து சேஷு மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, அதை எதிர்சாரிக்கு எடுத்துண்டு போகச் சொல்லு!” என்று அலறினார்.

“அச்சாபீசு அண்ணே, வந்துக்கீதா?”

“வந்துருக்கு.”

“படி.”

நான் காகிதத்தைப் பிரித்தேன். அதில் நாலு வரி இருந்தது. நான் ஆறு வரி படித்தேன்.

ஏன் படித்தேன்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாலாவது வரியில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவ்வளவுதான். வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

“மீன் விக்கிற ரோசம்மா,” என்று சொல்லிப் பார்த்தாள். “எம் பேரு எங்க கீது, காட்டு.”

தைல விளம்பரத்தில் ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். அதை விரலால் தடவிப் பார்த்தாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையிலிருந்து நாலு வஞ்சிர மீனை எடுத்து என் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன். என் பெண்டாட்டி குழம்பு வைத்தாள். நானும் தின்றேன்.

பஞ்சாயத்தில்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஞ்சாயத்து கூடியது. பயத்தில் நானும் போய் ஓரமாக நின்றேன். ரோசம்மா நடுவில் வந்து, “பேப்பர்ல போட்டுக்கீறான், படிச்சிக்கோங்க” என்று காகிதத்தை வீசினாள். வீசினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு மிடுக்கு.

அங்கே படிக்கத் தெரிந்தவர் மாதா கோயிலில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஒருவர்தான். அவர் உரக்கப் படித்தார். ‘சேதமின்றிக் கரை வந்து சேர்ந்தார்’ என்று நிறுத்தினார்.

“அப்பால?” என்றாள் ரோசம்மா.

“அப்பால முடி வளர்ற தைலம்” என்றார் கோயில்பிள்ளை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் முன்னால் போனேன். “அவ சொல்றது நிஜம். நான் கண்ணால பாத்தேன். கட்டுமரத்தைத் தள்ளி வுட்டதே நான்தான்” என்றேன்.

ஊர்ப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாருப்பா?”

“இந்தப் பேப்பரைக் கோத்தவன்.”

“இன்னா நைனா, கையால ஒண்ணு கோத்துட்டு வாயால ஒண்ணு சொல்றியே! எத நம்பறது?”

அவர் கேட்டது சரியான கேள்வி.

தீர்ப்புச் சொன்னார்கள். அந்தோணியின் கட்டுமரத்தைக் கட்டவிழ்த்து மரம் மரமாகப் பிரித்துப் போட வேண்டும். ரோசம்மா அந்தக் கரையில் மீன் ஏலத்துக்கு வரக் கூடாது. ஊரில் யாரும் அவளோடு புழங்கக் கூடாது. கடைசியில் பெரியவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “அந்த வக்கீலே வந்து அவரு வாயால சொல்லட்டும். அடுத்த நிமிசமே எடுத்துக்கறோம்.”

மாம்பலம் பங்களா

வக்கீல் அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்ட மாம்பலத்தில் புது பங்களா கட்டிக் குடி போயிருந்தார். நானும் ரோசம்மாவும் போனோம். வழியெல்லாம் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள்.

வக்கீல் சாய்வு நாற்காலியில் இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “கட்டுமரத்தில் ஏறினேன், மறுக்கவில்லை. கொஞ்சம் ஓய்வுக்காக ஏறினேன்” என்றார்.

“ஓய்வா?” ரோசம்மா இடுப்பில் கை வைத்தாள். “வாயில நுரை தள்ளிக்கினு கெடந்தியே, அதான் ஓய்வா? வயித்த அமுக்கி நான்தானே தண்ணி எடுத்தேன். இட்லி வந்துச்சே, அதுவும் ஓய்வுக்குத்தான் வெளிய வந்துச்சா?”

கதவுக்குப் பின்னால் பெண்கள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வக்கீல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இதோ பாரம்மா. தேர்தல் முடியட்டும். நானே குப்பத்துக்கு வந்து சொல்கிறேன். சத்தியம்.”

தேர்தல் முடிந்தது. ஜெயித்தார். போனோம். பதவிக் காலம் முடியட்டும் என்றார். முடிந்தது. போனோம். “அச்சில் வந்ததற்கு மேல் நான் என்ன சொல்வது?” என்றார். அதன் பிறகு கேட்டில் கூர்க்காவைப் போட்டுவிட்டார்.

திமிங்கலம்

நானும் சும்மா இருக்கவில்லை. சேஷு மாமாவிடம் திருத்தம் கேட்டு அழுதேன். வழக்கம் இல்லை என்றார். சரி, திருட்டுத்தனமாகப் போடுகிறேன் என்று ஒரு வாரம், ‘மூழ்க இருந்த வக்கீலைக் கரை சேர்த்தவள் மீன் விற்கும் ரோசம்மா’ என்று இரண்டு வரி கோத்து ‘தெரியுமா?’ பக்கத்தின் அடியில் செருகினேன். அதற்கு மேலே நார்வே தேசத்தில் எண்பது அடித் திமிங்கலம் கரை ஒதுங்கிய துணுக்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன்.

இடம் இடிக்கிறது என்று மெஷின்காரன் நட்சத்திரத்தைப் பிடுங்கினான். இன்னும் இடித்தது. வால் சட்டமெல்லாம் அவனுக்குக் கிடையாது, என் முதல் வரியையும் பிடுங்கினான். மயிலாப்பூர் முழுக்க அந்த வாரம் படித்தது இதைத்தான்: எண்பது அடித் திமிங்கலம் ஒன்று நார்வேயில் கரைக்கு வந்தது, கரை சேர்த்தவள் மீன் விற்கும் ரோசம்மா.

எனக்கு அன்றைக்கே வேலை போயிற்று. சேஷு மாமா மட்டும் அதை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சிரித்தார்.

ரோசம்மாவுக்குத் திமிங்கலக்காரி என்று பெயர் ஆனது. இன்றைக்கும் லஸ் முனையில் அவளைப் பார்த்தால் டிராம் கண்டக்டர், “இன்னாம்மே, இன்னிக்குத் திமிங்கலம் கீதா?” என்று கேட்கிறான். “ஒன்ன மாதிரி நெத்திலிதான் கீது, வாங்கிக்கோ” என்கிறாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

ஆனால் அவள் கூடையில் இருப்பது சாந்தோம் மீன் இல்லை. விடியலில் ராயபுரம் கரை வரை போய் எடுத்துக்கொண்டு பட்டணம் முழுக்கச் சுமந்து வருகிறாள். தன் வீட்டு வாசலில் இறங்குகிற மீனை அவள் தொடக் கூடாது. அந்தோணி பன்னிரண்டு வருஷமாக அவளோடு பேசுவதில்லை. போன வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயில் வெளியே சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். போன வாரம் அந்தப் பச்சை நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள்.

“எத்தினி வரி கீதோ அத்தினிய மட்டும் படி.”

நாலு வரியைப் படித்தேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன்.

வக்கீல் ஐயா, என் அயோக்கியத்தனத்தை நான் என் கையால் எழுதி, ஊர் பார்க்க அச்சில் கொடுத்துவிட்டேன். இது துணுக்கு இல்லை. வாலை வெட்ட முடியாதபடி ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து அச்சுப்பிழை பார்த்தேன். இனி உம்முடைய முறை. வருகிற ஞாயிறு சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் உமக்குப் பொதுக்கூட்டம். குப்பத்துப் பெரியவரை நேரில் போய் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றார். அந்தோணியும் வருவான். ரோசம்மாவும் வருவாள். இது வெளிவரும் வெள்ளி, மறுநாள் சனி என்று இரண்டு நாள் இருக்கிறது, யோசித்துக்கொள்ளும். கேஸ் போடுவதானால் போடும்; கூண்டில் ஏறி இதையேதான் சொல்வேன். கேஸ் போடவில்லையென்றால், மேடையில் எழுந்து நின்று அவர்கள் மூன்று பேர் காதிலும் விழும்படி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்:

உம்மைக் குடுமியைப் பிடித்துக் கட்டுமரத்தில் ஏற்றியது யார்?